றோட்டுக்கு இஞ்சால

எங்கள் ஊரை மெயின் றோட்டு இரண்டாகப் பிரிக்கிறது. கல்முனையிலிருந்து வரும் அந்த றோட்டு சாய்ந்தமருதுக்குள்ளால் போய்க் காரைதீவைத் தொடுகிறது. கிழக்கே கடல், மேற்கே வயல். என் வீடு கிழக்குப் பக்கம். நான் கணிதம் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் மேற்குப் பக்கம். மகளின் பள்ளிக்கூடம், மருந்துக்கடை, வங்கி, ஆஸ்பத்திரி எல்லாமே மேற்குப் பக்கம்தான். ஒரு வருடத்துக்கு மேல் நான் கிழக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். றோட்டைக் கடக்க என்னால் முடியவில்லை. நாற்பத்திரண்டு வயதுக்காரி, ஒரு வகுப்பையே கண் பார்வையில் அடக்கி வைக்கிறவள், நாலு எட்டில் கடக்கிற தாருக்கு முன்னால் நின்று நடுங்கினேன் என்று எழுதும்போது இப்போதும் எரிச்சல் வருகிறது. எரிச்சல் என்மேல் இல்லை. யார்மேல் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது அந்த பஸ். என் கணவர் அந்த றோட்டில்தான் மௌத்தானார். ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு. மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். றோட்டின் கிழக்கு ஓரத்தில் நிறுத்தச் சொன்னது நான். எதிர்ப்பக்கக் கடையில் எருமைத் தயிர் சட்டி சட்டியாக அடுக்கியிருந்தது. "ராவைக்கு ராத்தா வீட்டாக்கள் வருவாங்க, ஒரு சட்டி வாங்கிட்டு வாங்களன்" என்றேன். அவர் கடந்து போனார், வாங்கினார், கயிற்றுப் பிடியில் சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். கல்முனைப் பக்கமிருந்து இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. அடுத்த தரிப்பில் நிற்கிற நாலு சனத்தை யார் ஏற்றுவது என்பதுதான் போட்டி. அவர் என்னிடம் வந்து சேர இரண்டு எட்டுத்தான் இருந்தது.

நான் அவரைப் பார்க்கவில்லை. என் கண் உடைந்த சட்டியில் போய் நின்றுவிட்டது. எனக்கு வலப்பக்கம், கொஞ்சம் கீழே, கறுப்புத் தாரில் வெள்ளையாகத் தயிர். சனம் ஓடிவந்து என்னைச் சுற்றி நின்றபோதும் கால்களுக்கு இடையால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த பஸ் இன்றைக்கும் ஓடுகிறது. நிறத்தை மாற்றிவிட்டார்கள், வேகத்தை மாற்றவில்லை.

பிறகு இத்தா. கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அரசாங்கமும் அதற்கு லீவு தருகிறது. அந்த நாட்களைப் பற்றி எனக்கு முறைப்பாடு கிடையாது. யாரும் எதையும் கேட்காத நாட்கள் அவை. உம்மா என் வீட்டின் பின்னறையில்தான் இருந்தா. எங்கள் ஊரில் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாமார் பின்னறைக்குப் போவது வழக்கம். அவ சோற்றைக் கொண்டுவந்து வைப்பா, நான் தின்றேனா என்று பார்ப்பா, போய்விடுவா.

என் கட்டிலுக்கு எதிரே அறைக் கதவு. கதவு நிலைக்கு வலப்பக்கம், முழங்கால் உயரத்தில், சுவர்ப் பூச்சு உரிந்த ஒரு இடம். என் கண் சும்மா இருக்கும்போதெல்லாம் அங்கே போகும். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. அங்கே பார்த்தால் நெஞ்சு இடிக்கும், தொண்டை அடைக்கும். ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது. மையித் வீடு என்று துக்கம் கேட்க வருகிற பெண்கள் இதைக் கண்டுவிட்டார்கள்.

அதன் பிறகு ஒரே கைதட்டல்தான். முகத்துக்கு முன்னால் வந்து இரண்டு தட்டு. "எங்ககா பாக்கிற? ஒரே எடத்த வெறிச்சுப் பாக்கப்படா." ஒருத்தி தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். ஒருத்தி, அப்படிப் பார்த்தால் சைத்தான் உள்ளுக்கு வந்துவிடும் என்றாள். ஒருத்தி என் மடியில் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்தாள், யாருடைய குழந்தை என்று இன்றுவரை தெரியாது. கடைசியில் என் மூத்த சகோதரி, ராத்தா, வந்து இரண்டு மச்சான்மாரைக் கொண்டு கட்டிலைத் திருப்பிப் போட்டாள். உரிந்த சுவரில் சுண்ணாம்பும் பூசுவித்தாள். என்னைக் கேட்கவில்லை. திரும்பிய கட்டிலில் படுத்துக்கொண்டு, தலையை முறித்து, அந்த இடத்தையே தேடினேன். பிடரி வலி வந்தது. அதற்கும் தைலம் தடவினார்கள்.

இத்தா முடிந்தது. ராத்தா புது உடுப்புக் கொண்டுவந்தாள், சோறு ஆக்கினாள், அயலட்டைக்குக் கொடுத்தனுப்பினாள். அடுத்த கிழமை நான் பள்ளிக்கூடம் போக வேண்டும். உடுத்து, கைப்பையை எடுத்து, ஒழுங்கையால் நடந்து, மெயின் றோட்டில் திரும்பும் முடக்குக்கு வந்தேன். வலப்பக்கமிருந்து ஒரு ஹோர்ன் கேட்டது. பிறகு எனக்குத் தெரிந்தது, முடக்கில் இருந்த ஒரு கடையின் கதிரையில் நான் இருப்பதும், யாரோ என் முகத்தில் தண்ணீர் தெளிப்பதும்தான். உடுப்பு நனைந்திருந்தது. தண்ணீரால் மட்டுமில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர் ஒரு பிழை விட்டது. வேறெந்த ஊரும் இந்தப் பிழையை விட்டிருக்காது என்று நினைக்கிறேன். நான் வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருந்ததைக் கண்டு சனம் புகழ ஆரம்பித்தது.

"நாலு மாசம் முடிஞ்சும் வாசல் மிதிக்கல்ல, பாருங்களன்."

"இப்பிடி இத்தா இருந்த பொம்புளைய நான் கண்டதேயில்ல."

"புரிசன்ல அவ்வளவு பாசம். நல்ல பேணுதலான புள்ள."

கலியாண வீடுகளில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இளம் பெண்களுக்கு என்னை உதாரணம் காட்டியிருக்கிறார்கள். நான் மூத்திரம் போகவும் பயந்து அறைக்குள் படுத்திருக்கிறேன், ஏனென்றால் கக்கூசுக்குப் போகும் வழியில் றோட்டுச் சத்தம் கேட்கும். வெளியே என் நோய்க்குப் பேணுதல், மார்க்கப் பற்று என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படுவது?

ஒரு மனிதர் மட்டும் சரியாகச் சொன்னார். உம்மா ஓதிப்பார்ப்பதற்காக ஒரு மௌலவியைக் கூட்டிவந்தா, எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். திரைச்சீலைக்கு அப்பால் இருந்து ஓதி முடித்துவிட்டுச் சொன்னார்: "இத்தா முடிஞ்சிட்டு. இனி வெளிய போறதுல ஒரு தடையும் இல்ல. புள்ள போக ஏலாம இரிக்கிதெண்டா அது வருத்தம். டொக்டர்ட்டக் காட்டுங்க." எத்தனை பேர் அதைக் கேட்டார்கள்! உம்மா, ராத்தா, சாச்சி, பக்கத்து வீட்டு மாமி. அவர் ஓதியதை எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள். பிறகு சொன்னதை ஒருவரும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

புகழ் ஆறு மாதம்தான் தாங்கியது. கல்விக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. குறித்த தவணைக்குள் கடமைக்குத் திரும்பாவிட்டால் வேலையை விட்டு விலகியதாகக் கருதப்படும் என்று எழுதியிருந்தது. வாயெல்லாம் மாறிவிட்டது. பேணுதலான பிள்ளை சோம்பேறியானாள். பிள்ளையை வளர்க்கத் தெரியாதவளானாள். பதினொரு வயது மகள் தினமும் அந்த றோட்டைக் கடந்து பள்ளிக்கூடம் போய்வருவாள், உம்மா முடக்குவரை போய் நின்று பார்ப்பா. நான் அறைக்குள் இருந்து அவள் திரும்பிவரும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். என் பிடரி வலிக்குக் குளிசை வாங்கவும் அவள்தான் கடந்தாள். எனக்காக என் பிள்ளை அந்த றோட்டில் இறங்கினாள். அந்த வெட்கத்தை எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

ராத்தாதான் அதிகம் ஏசினாள். அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். சுனாமியாகக் கடல் வந்த அன்று அவள் தன் நாலு வயது மகளைக் கடலுக்குக் கொடுத்தவள். மாமியையும் கொடுத்தவள். மூன்றாம் நாள் எழும்பி, முகாமில் பெரிய சட்டி வைத்து சனத்துக்கெல்லாம் சோறு ஆக்கியவள். "அவட சபூர்" என்று ஊர் இன்றைக்கும் சொல்லும். பொறுமைக்கு எங்கள் சொல் அது. வீடு திருத்திய பிறகு அதே கடற்கரை ஒழுங்கைக்குத் திரும்பிப்போனாள். அவளுடைய படுக்கையறை பகலிலும் இருட்டு. கிழக்கு யன்னலை மறைத்து ஒரு இரட்டைக் கதவு அலுமாரி நிற்கிறது. உப்புக்காற்று சாமானையெல்லாம் அரிக்கிறது, அதற்காகத்தான் என்று அவள் சொன்னாள், நாங்களும் நம்பினோம். மத்தியானத்திலும் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் உடுப்பு மடிப்பாள்.

அவள் என் அறை வாசலில் நின்று சொன்னாள்: "கடல் கொண்டு போன சனமே எழும்பி நடக்குது. உனக்கு ஒரு றோட்டுத்தானேகா."

எங்கள் ஊரில் துக்கத்துக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது, அது கடல். கடல் கொண்டுபோனால் அது துக்கம். காய்ச்சலில் போனவருக்கும், பிள்ளைப்பேறில் போனவளுக்கும், பஸ் அடித்துப் போனவருக்கும் மூன்றாம் நாள் கத்தம் ஓதுவதோடு கணக்கு முடிந்துவிட வேண்டும். "அண்டைக்கு நாங்க எத்தன பேரக் குடுத்தம்" என்று ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் வாயை மூட வேண்டும். நானும் மூடினேன். ஆனால் உள்ளே கொதித்தேன். இருபது வருடத்துக்கு முன் வந்த அலை என் கணவரின் மரணத்தையும் சேர்த்துக் கொண்டுபோக யார் அதற்கு அனுமதி கொடுத்தது?

கடைசியில் என் தம்பிதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அவன் ஓட்டோ ஓட்டுகிறவன். மனநலக் கிளினிக் றோட்டுக்கு மேற்கே. றோட்டைக் கடக்க முடியாதவளுக்கு வைத்தியம் றோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது! தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். ஓட்டோவின் இரு பக்கத்துக்கும் படங்குத் திரை விட்டான். நான் குனிந்து, சால்வையை முகத்துக்கு மேல் போட்டு, காதைப் பொத்திக்கொண்டேன். ஒரு ஆட்டுக்குட்டியை ஏற்றுவதுபோல என்னை ஏற்றினான். கிளினிக் வாசலில் தெரிந்தவர் ஒருவர் கேட்டதற்கு, "ராத்தாக்கு சீனி" என்று என்னைக் காட்டிச் சொன்னான். நீரிழிவு என்றால் மரியாதை, மனம் என்றால் பைத்தியம். நான் சால்வைக்குள்ளேயே பல்லைக் கடித்தேன்.

டொக்டர் குளிசை தந்தார். நித்திரை வந்தது, அதற்கு நன்றி சொல்லவேண்டும். பிறகு ஒவ்வொரு செவ்வாயும் ஆலோசனை தருகிற ஒரு மிஸ்ஸிடம் போகச் சொன்னார். பாண்டிருப்பிலிருந்து வருகிறவ, முப்பது வயது இருக்கும், நெற்றியில் சின்னப் பொட்டு. ஆலோசனை என்றதுமே எனக்குக் கோபம். மனநல ஆலோசனை எங்களுக்குப் புதிது கிடையாது. கடல் வந்த பிறகு வெள்ளை வாகனங்களில் வந்து பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். பெரியவர்களிடம் படிவத்தை நீட்டி, என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். ஒரு கூட்டம் போனால் அடுத்த கூட்டம் வரும், அதே கேள்வியைக் கேட்கும். நன்றாக அழுது சொல்பவருக்குத் தையல் மெஷின் கிடைத்தது. இவவும் அதைத்தான் கேட்கப்போகிறா என்று, சொல்லமாட்டேன் என்ற முடிவோடு போயிருந்தேன்.

அறை என்று பேர். பழைய ஃபைல் அடுக்குகிற இடத்தில் இரண்டு கதிரை. நான் உட்கார்ந்ததும் மிஸ் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பொருளை எடுத்தா. பழைய ரேடியோவின் ஏரியல். இழுக்க இழுக்க நீளும், நுனியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. கரும்பலகையில் கம்பு பிடித்துப் படிப்பிக்கிறவள் நான். எனக்குக் கம்பு காட்ட வருகிறாளே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன நடந்த எண்டு நீங்க சொல்லத் தேவையில்ல, டீச்சர்" என்றா மிஸ். "விரும்பினாச் சொல்லுங்க. விரும்பாட்டி விடுங்க. றோட்ட நினைச்சா உடம்புல எங்க பிடிக்குது எண்டு மட்டும் சொல்லுங்க, காணும்."

"தொண்டையில" என்றேன். எனக்கே தெரியாமல் பதில் வந்துவிட்டது.

அவ விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். பயத்தை நினைக்கும்போது கண் போய் நிற்கிற இடத்துக்கும் உள்ளே அடைபட்டுக் கிடக்கிற பயத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பது இந்த முறை. எந்த இடத்தைப் பார்க்கும்போது உடம்பு அதிகம் பதறுகிறதோ அந்த இடத்தை மெதுவாகத் தேடிப் பிடிப்பார்கள். பிறகு பார்வையை அங்கேயே நிறுத்தி, உள்ளே வருவதை வரவிட்டு, அது ஓயும் வரை ஒருவர் கூடவே இருப்பார். அவ்வளவுதான்.

"இது எல்லாருக்கும் சரிவரும் எண்டு நான் சொல்ல மாட்டன்" என்றா. "இதப் பத்தி இன்னும் ஆராய்ச்சி காணாது எண்டு சொல்லுற டொக்டர்மாரும் இருக்கிறாங்க. குளிசைய நிப்பாட்டிராதிங்க. ஏலாம வந்தா கையக் காட்டுங்க, நிப்பாட்டுவம்." அந்தப் பேச்சுத்தான் என்னை உட்கார வைத்தது. அந்த ஒரு வருடத்தில், தனக்கு எல்லாம் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவ.

ஏரியல் நுனியை என் முகத்துக்கு முன்னால் பிடித்து இடப்பக்கமிருந்து அசைத்தா. தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னா. இடப்பக்கம் ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றுமில்லை. இதற்காகவா படங்குக்குள் ஒளிந்து வந்தேன் என்று நினைத்தேன். நூல் வலப்பக்கம் போனது. எச்சில் விழுங்கினேன். கொஞ்சம் கீழே இறங்கியது. கண் வெட்டியது, மூச்சு நின்றது.

"இஞ்சயா?" என்று கேட்டா மிஸ்.

தலையசைத்தேன். எழும்பி ஓடவேண்டும் போலிருந்தது. அதே நேரம் அந்த நூல் என் அறைக் கதவு நிலைக்குப் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. வலப்பக்கம், முழங்கால் உயரம். பூச்சு உரிந்த இடம். அதற்கும் பின்னால், தாரில் தயிர்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்து, ஒரு ஃபைல் வேண்டும் என்றார். தேடினார், தும்மினார், போனார். நான் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. ஐந்து நிமிடத்தில் இன்னொருவர். மிஸ் ஒன்றும் சொல்லாமல் தன் கதிரையைத் தூக்கிக் கதவோடு அண்டி வைத்து அதில் உட்கார்ந்துகொண்டா. அதன் பிறகு வந்தவர்கள் தட்டிவிட்டுப் போனார்கள். உடைந்த காலுக்குப் பத்துப் போடுகிற அறையில் இப்படிப் புகுந்து ஃபைல் தேடுவார்களா என்று இப்போதும் கேட்கத் தோன்றுகிறது.

அன்று நான் நடுங்கினேன், வியர்த்தேன். மிஸ் கம்பைப் பிடித்தபடி இருந்தா. பேசவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. கைதட்டவில்லை. நான் கண்ணைத் திருப்பினால் பொறுத்திருந்தா, திரும்ப வந்தால் அவவும் அங்கேயே இருந்தா. முக்கால் மணி நேரத்தில் தொண்டை கொஞ்சம் இளகியது. வீட்டுக்கு வந்து பகலிலேயே தூங்கினேன்.

அடுத்த செவ்வாய் நான் மிஸ்ஸின்மேல் பாய்ந்து விழுந்தேன். "நாலு மாசமும் பத்து நாளும் நான் அந்த எடத்தத்தான் பாத்துக்கிட்டிருந்த, மிஸ். எல்லாரும் கைதட்டித் தட்டி முகத்தத் திருப்பிவிட்டாங்க. கட்டில மாத்தினாங்க. சுண்ணாம்பு பூசினாங்க. அப்ப நான் செஞ்ச சரியா பிழையா?"

"தனிய இருந்து வெறிச்சுப் பாக்கிறதும் இதுவும் ஒண்டில்ல டீச்சர்" என்றா. "தனியப் பாத்தா அதுக்குள்ளேயே கிடப்பம். பக்கத்துல ஒராள் இருக்கோணும். உங்களோட, கண்ண எடுக்காம இருக்கிற ஆள்."

அந்தப் பதில் என் கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. பக்கத்தில் ஆளா இல்லை? எங்கள் வீட்டில் ஒரு நேரத்துக்குப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். கைதட்ட வந்தவர்களில் ஒருத்தி, ஒரே ஒருத்தி, பேசாமல் பாயில் இருந்து நான் பார்க்கிற பக்கம் தானும் பார்த்திருக்கலாம். அதற்குப் படிப்பும் தேவையில்லை, கம்பும் தேவையில்லை. எங்கள் சனத்துக்கு ஒருவரின் வேதனைக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. ஓதத் தெரியும், ஏசத் தெரியும், சோறு தீத்தத் தெரியும், சும்மா இருக்கத் தெரியாது.

ஏழாவதோ எட்டாவதோ செவ்வாய். நூல் அதே இடத்தில் நின்றது. நான் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க கண்ணுக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. அப்பால் அவருடைய கை தெரிந்தது. கையில் கயிற்றுப் பிடி. அவர் கயிற்றை விடவேயில்லை.

"தயிர் கேட்ட நான்தான்" என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதது அது. உம்மாவுக்கும் தெரியாது. மகளுக்கும் தெரியாது. உரத்து அழுதேன். அது உங்கள் பிழையில்லை டீச்சர் என்று மிஸ் சொல்லியிருந்தால் எழும்பிப் போயிருப்பேன். அவ சொல்லவில்லை. கம்பு அசையாமல் நின்றது, அவவின் கண்ணும் கலங்கியிருந்தது. அழுது முடிந்த பிறகு எனக்குத் தெரிந்தது, அவர் மௌத்தாகி அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் நான் அவருக்காக அழுதேன். அதுவரை அழுததெல்லாம் பயத்துக்கு.

ஊருக்கு விசயம் தெரிந்துவிட்டது. பாண்டிருப்புப் பொம்புளை கண்ணைக் காட்டி வசியம் செய்கிறாளாம் என்று கதை வந்தது. கம்பை ஆட்டி மந்திரிக்கிறாளாம். பேணுதல் என்று புகழ்ந்த அதே வாய்கள். உம்மாவிடம் வந்து சொன்ன பக்கத்து வீட்டு மாமியிடம் நானே வெளியே வந்து சொன்னேன்: "மாமி, அவ என்ட முகத்தத் திருப்பல்ல. நீங்கதான் திருப்பின." மாமி தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனா. உம்மா ஏசினா. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

கொஞ்சம் கொஞ்சமாக முடக்குவரை நடந்தேன். முதலில் உம்மாவோடு, பிறகு தனியாக. ஹோர்ன் கேட்டால் நெஞ்சு இடிக்கும், ஆனால் கால் ஓடவில்லை. கடிதத்தில் குறித்த தவணைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலை, சனம் றோட்டைக் கடக்கிற மஞ்சள் கோட்டுக்கு வந்து நின்றேன். வலப்பக்கம் பார்த்தேன். பஸ் வந்தது. நிற்கவில்லை, எங்கள் ஊரில் மஞ்சள் கோடு பஸ்காரருக்கு அலங்காரம். போகவிட்டேன். இன்னொன்றையும் போகவிட்டேன். பிறகு கையை உயர்த்திக்கொண்டு இறங்கினேன். நடுவில் அந்த இடம் வந்தது. நின்று பார்க்கவில்லை, பார்க்காமலும் போகவில்லை. மேற்குக் கரையில் ஏறினேன். தயிர்க் கடைக்காரர் என்னைக் கண்டு எழும்பி நின்றார். ஸலாம் சொன்னேன். பள்ளிக்கூடம் போய்ப் பதிவேட்டில் கையெழுத்து வைத்தேன்.

பின்னேரம் திரும்பும்போது ஒழுங்கை முகப்பில் இரண்டு பெண்கள் பேசியது காதில் விழுந்தது. "இனி இவவும் றோட்டுல திரிய வெளிக்கிட்டா." சிரிப்புத்தான் வந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேரே ராத்தாவிடம் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன், மறைக்கவில்லை. கட்டிலைத் திருப்பியது, சுண்ணாம்பு பூசியது, ஒரு றோட்டுத்தானே என்றது, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவள் படுக்கையறையில் லைட்டைப் போட்டுக்கொண்டு உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மணி மூன்றரை, வெளியே நல்ல வெயில்.

"றோட்டக் கடந்திட்டன்" என்றேன்.

"கேள்விப்பட்ட" என்றாள். மடித்த உடுப்பைத் திரும்பப் பிரித்து மடித்தாள். "அந்த மிஸ் உன்ன என்ன கேட்ட?"

"ஒண்டும் கேக்கல்ல. பக்கத்துல இருந்தா."

நான் என் வரிசையைத் தொடங்க வாயெடுத்தேன். ராத்தா என்னைப் பார்க்கவில்லை. அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் கண்ணாடியைக்கூட இல்லை, அதற்கும் மேலே, யன்னலின் மேல் விளிம்பு கொஞ்சம் தெரிகிற இடத்தில் அவள் கண் நின்றது. கையில் இருந்த உடுப்பு அசையவில்லை. அந்த அறைக்கு நான் எத்தனை நூறு தடவை வந்திருப்பேன்! அவள் அப்படி நிற்கும்போதெல்லாம் "என்ன ராத்தா யோசின?" என்று தோளில் தட்டி எழுப்பியது நான்தான். நான்கூட.

தட்டவில்லை. கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். அலுமாரிக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்த மிஸ் கடலுக்கும் வைத்தியம் பாப்பாவாகா?"

இருபது வருடம். ஒரு ஊரே அவளைப் பொறுமைசாலி என்று சொல்லிச் சொல்லி இந்த அலுமாரிக்குப் பின்னால் விட்டுவைத்திருக்கிறது. அந்த ஊரில் நானும் ஒருத்தி.

"ஓம் ராத்தா" என்றேன். "செவ்வாய்க்கிழமைல இருப்பா. றோட்டுக்கு அங்கால. நான் கூட்டிட்டுப் போறன்."